நனைந்த நிலக்கரியின் எடை

லஸ் முனையில் அந்த மழைக்கு நின்ற ஆட்டோ ஒன்றே ஒன்றுதான். ஜொவிட்டா ஒரு காலை உள்ளே வைத்த நேரம் பார்த்து, ஒரு நெட்டையன் தன் கறுப்புப் பையைத் தூக்கி சீட்டில் போட்டான்.

“ஹலோ, நான்தான் முதல்ல வந்தேன்.”

“பை முதல்ல வந்துடுச்சுங்க.”

டிரைவர் ஹபீபுர் ரஹ்மான் திரும்பிப் பார்த்தார். “ரெண்டு பேரும் எங்க போணும்? அடையாறா? அப்பறம் இன்னாத்துக்கு சண்டை, ஏறிக்கோங்க. மழை கொட்டிக்கினு கீது.”

ஏறினார்கள். அவளுடைய துப்பட்டா சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதன் ஓரம் அவன் முழங்காலில் போய் விழுந்தது.

“துப்பட்டாவா இது? ரெண்டு கிலோ இருக்கும் போல.”

“எல்லாம் தண்ணி கனம். காய்ஞ்சா ஒண்ணுமே இருக்காது.”

அவன் சிரித்தான். என்ன கண்கள் இவனுக்கு... மழையில் கழுவி விட்ட மாதிரி. ஜொவிட்டா சட்டென்று வெளியே பார்த்தாள். திரு.வி.க. பாலம் வந்தது. இந்தப் பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் தலைகீழ். அடையாறு அலுவலகத்தின் மீட்டிங் அறையில், எதிர் நாற்காலியில் அவனே உட்கார்ந்திருந்தான்.

பெயர் சாய்சரண். கடலோர அனல் மின் நிலையம் ஒன்றில் பொறியாளன். புகைபோக்கியிலிருந்து போகும் கரியமில வாயுவை நேரடியாக அளக்கும் மீட்டரை, மேலே இருப்பவர்களோடு மல்லுக்கட்டி வைத்தவன். அதைச் சரிபார்க்க வந்தவள்தான் ஜொவிட்டா. அவள் சொந்தப் பெயரில் கையெழுத்திடப் போகும் முதல் அறிக்கை இது.

எரித்த நிலக்கரியின் எடையை, அதிலுள்ள கார்பன் சதவீதத்தோடு பெருக்கியிருந்தாள். அந்தக் கணக்கில் வந்த வாயு, மீட்டர் காட்டியதைவிட நன்றாகவே அதிகம்.

“உங்க மீட்டர் குறைச்சுக் காட்டுது. கழட்டிடலாம்னு எழுதப் போறேன்.”

“கணக்கை இன்னொரு தடவை பாருங்களேன்...”

“நான் கணக்குல தப்பு பண்ணமாட்டேன் சார்.”

அந்த ‘சார்’ அவனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். எழுந்து போய்விட்டான். ஜெயித்தவள் ஜொவிட்டாதான். ஆனால் அன்று மாலை அவளுக்கு டீகூட இறங்கவில்லை.

மறுநாள் காலை, சாந்தோம் வீட்டில் கொடியில் காய்ந்த துப்பட்டாவை எடுத்தாள். கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. தண்ணி கனம்... அவளே சொன்னதுதான். அப்படியே நின்றுவிட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் நிலக்கரியைக் காயவைத்துத்தான் கார்பன் சதவீதம் பார்ப்பார்கள். அவளோ அந்தச் சதவீதத்தை, ஐப்பசி மழையில் ஊறிக் கிடந்த நிலக்கரியின் எடையோடு பெருக்கி வைத்திருந்தாள். தண்ணீர் எரிந்து கரியமில வாயு ஆகுமா? அவசரமாக ஈரத்தைக் கழித்துப் போட்டாள். விடை சமர்த்தாகப் போய் அவன் மீட்டரோடு ஒட்டிக்கொண்டது.

அறிக்கையைத் திருத்தி அனுப்பிவிட்டு, அவனை மாலையில் லஸ் முனைக்கு வரச் சொன்னாள். கிளம்பும்போது அம்மா ஃப்ளோரன்ஸ் ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்கடி கிளம்பிட்ட?”

“ஒருத்தர்ட்ட ஸாரி சொல்லணும்மா.”

“ஸாரி சொல்லவா புது சுடிதாரு?”

அவன் வந்தான். சட்டைக் காலரில் கரி அப்பியிருந்தது. அவள் தரையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

“உங்க மீட்டர் சரி. தப்பு என்னோடது. ஈரத்தைக் கழிக்க மறந்துட்டேன். திருத்தி அனுப்பிட்டேன், மீட்டரை யாரும் கழட்டமாட்டாங்க.”

அவன் முகம் மலர்ந்தது... பிறகு ஏனோ வெட்கப்பட்டது.

“நான் இன்னைக்குக் காலையில புகைபோக்கி மேல ஏறி, மீட்டரை முழுசா செக் பண்ணிட்டுதான் வரேன்.”

“ஏன்? சரியாதான் இருக்கும்னு தெரியும்ல?”

“தெரியும். ஆனா தப்பு உங்க பக்கம் இருக்கக்கூடாதுன்னு தோணுச்சு...”

தூறல் ஆரம்பித்தது. இருவரும் ஒதுங்கவில்லை.

“இன்னொண்ணு சொல்லணும்,” என்றான். “நேத்து அடையாறு வரைக்கும் உங்க துப்பட்டா என் முழங்கால் மேலயே கெடந்துச்சு. பேன்ட் பூரா ஈரம். எடுத்து விட மனசே வரல...”

அவள் மெல்ல நிமிர்ந்து, முதல் முறையாக அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள்.

“தெரியும். நானும்தான் எடுக்கல.”