முத்திரை விழாத மகாராணி

"ஐயோ...!"

தேவதாசன் வாத்தியார் வீட்டிலிருந்து கிளம்பிய அலறல், துறைமுகத்துக் கப்பல் சங்கையும் மீறித் தெருவை எழுப்பியது.

அலறியது அவர் மனைவி ரோஸ்.

1974. காலை ஆறரை மணி.

ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் திறந்த பீரோவின் முன்னால் மல்லாந்து கிடந்தார். நெற்றியில் ரத்தம்!

நல்லவேளை, மூச்சு இருந்தது. பீரோவில்தான் ஆல்பம் இல்லை!

சப்-இன்ஸ்பெக்டர் வன்னியபெருமாள் ஜீப்பில் வந்து இறங்கியபோது வாத்தியார் கண் விழித்திருந்தார்.

"யாரு சார் அடிச்சா?"

"ஒருத்தரும் அடிக்கல. பீரோவத் தொறந்தேன்... ஆல்பத்தக் காணோம்... தல சுத்தி கதவுல இடிச்சிட்டேன். அத விடுங்க! ஆல்பத்தக் கண்டுபிடிங்க!"

"என்ன ஆல்பம்?"

"ஸ்டாம்பு ஆல்பம்! எங்க தாத்தா சேத்தது. விக்டோரியா மகாராணி காலத்து ஸ்டாம்பு முந்நூறு. ஒண்ணுல கூட தபால் முத்திரை கெடையாது! இன்னைக்கு நாசரேத்துக் கண்காட்சியில தாத்தா போட்டோவோட வைக்கணும். எங்க குடும்ப கௌரவமே அதான்!"

"தாத்தாவுக்கு என்ன வேலை?"

"நாசரேத்து ஊர் மிஷன் பங்களாவுல துரைமார் சீமைக்கு எழுதுற கடுதாசியெல்லாம் தூத்துக்குடிக்கு நடந்தே கொண்டாந்து தபால்ல சேப்பாரு. அம்புட்டு நம்பிக்கை அவரு மேல!"

வன்னியபெருமாள் கதவுகளைப் பார்த்தார். எல்லாம் உள்பக்கம் தாழ். ராத்திரி வீட்டுக்குள் இருந்தது மூன்றே பேர். வாத்தியார், ரோஸ், கண்காட்சிக்காக வந்திருந்த தம்பி செல்வதுரை.

"யாரு மேல சந்தேகம்?"

வாத்தியார் யோசிக்கவே இல்லை. விரல் நேராக மனைவியைக் காட்டியது.

"இவதான்! இவ தாத்தா அதே பங்களாவுல காவக்காரன். கடுதாசிப் பை ராத்திரி அவன் காவல்ல இருக்கும். கடுதாசி போய்ச் சேரலன்னு தெரிஞ்சதும் அவனத்தான் வெரட்டி விட்டாங்க. திருட்டு ரத்தம்!"

"முப்பது வருஷமா இதத்தான் சொல்லுதிய..." என்றாள் ரோஸ்.

அவள் அழவில்லை. இந்தப் பேச்சுக்கான அழுகையை மாமியார் காலத்திலேயே அழுது தீர்த்திருந்தாள், பாவம்.

"ஜீப்ல ஏறுங்கம்மா. ஸ்டேஷன்ல பேசிக்கிடலாம்."

ரோஸ் ஒரு காலை ஜீப்பில் வைத்தாள்.

"நில்லுங்க...!"

செல்வதுரை ஓடி வந்தான். கையில் கைலியில் சுற்றிய பொட்டலம். பிரித்தான். ஆல்பம்!

"மதினிய விட்டிருங்க. எடுத்தது நான்!"

"விக்கவா?"

"எரிக்க!"

"என்னலே சொல்லுத...?" என்றார் வாத்தியார்.

"நான் தபாலாபீஸ் கிளார்க் சார். நேத்து சாயங்காலம் இதப் பாத்துக்கிட்டிருக்கையில ஒரு ஸ்டாம்பு கழண்டு விழுந்துச்சு. பின்னால என்ன இருக்குன்னு நீங்களே பாருங்க!"

வன்னியபெருமாள் திருப்பினார்.

மகாராணியின் முதுகில் பழைய உறைத் தாள் பிசிறாய் ஒட்டியிருந்தது. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்!

"புது ஸ்டாம்புன்னா பின்னால வெறும் பசைதான் இருக்கணும். இது கவர்ல ஒட்டிக் கிழிச்சது. கவர்ல ஒட்டியும் முத்திரை விழலன்னா..."

"கடுதாசி தபாலாபீசுக்கே போகல!" வன்னியபெருமாள் விசிலடித்தார். "தாத்தா வழியிலேயே ஸ்டாம்பக் கிழிச்சிட்டு கடுதாசியோட சோலிய முடிச்சிட்டாரு!"

முந்நூறு கடிதங்கள்! சீமையில் எத்தனை தாய்மார் வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்களோ... இங்கே ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தது.

வாத்தியார் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஏலே... அத எரிச்சிரு. வெளிய தெரியக் கூடாது..."

அதற்குள் ஆல்பம் ரோஸின் கைக்குப் போயிருந்தது!

"ஏளா! எங்க கொண்டு போற?"

"நாசரேத்துக்கு. கண்காட்சிக்கு."

"தாத்தா மானம் போயிருமே!"

"எந்தத் தாத்தா மானம்?"



வன்னியபெருமாள் ஜீப்பைக் கிளப்பினார். "உக்காருங்கம்மா. நானே கொண்டு விடுதேன்!"

ரோஸ் ஏறி உட்கார்ந்து, ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

"கவலப்படாதிய. முந்நூறுல ஒண்ணு கூட கொறையாம வைப்பேன்... என்ன, எல்லாத்தையும் குப்புறப் போட்டு வைப்பேன்!"