இறுகாத முதல் சுற்று

குழாய் சூடாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சுற்றி முடித்த குழாய். ஞாயிறு முழுக்கக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. திங்கள் காலையில் அது கல்லாட்டம் குளிர்ந்து கிடக்க வேண்டும். உள்ளங்கையை வைத்த வனிதா வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். காய்ச்சல்காரனின் அக்குளைத் தொட்ட மாதிரி ஒரு வெதுவெதுப்பு. கையில் ஒட்டிய சூட்டை மேல்சட்டையில் துடைத்தாள். போகவில்லை.

ஆபரேட்டர் அய்யாக்கண்ணு வழக்கம்போல மரச்சுத்தியலால் குழாயைத் தட்டிப் பார்த்தார். ணங்.

"நல்லா இறுகிருச்சு ஆத்தா," என்றார்.

மேல்சுற்று இறுகியிருந்தது. உள்சுற்று இறுகியிருக்காது. அது வனிதாவுக்கு மட்டும்தான் தெரியும்.

கீரனூர்ப் பக்கத்துக் கண்ணாடியிழைக் குழாய்க் கம்பெனியில், ரெசின் என்ற பிசினைக் கலக்குவது அவள் வேலை. சுழலும் இரும்பு மோல்டின்மேல் முதலில் வழவழப்பான பிளாஸ்டிக் தாளைச் சுற்றுவார்கள். அப்புறம் கண்ணாடி நூல்கள் ரெசின் தொட்டியில் முங்கி எழுந்து, குறுக்கும் மறுக்குமாக அதன்மேல் சுற்றிக்கொண்டே போகும். வாளிக்கு ஒரு குவளை கேட்டலிஸ்ட் ஊற்றினால்தான் ரெசின் சூடேறி இறுகும். ஊற்றாவிட்டால் எத்தனை நாளானாலும் சளியாகவே கிடக்கும். சனிக்கிழமை முதல் வாளிக்கு ஊற்ற மறந்துவிட்டாள். அளந்து வைத்த குவளை மேஜைக்கடியில் அப்படியே இருந்ததை அவள் பார்த்தபோது, இரண்டாவது வாளி அதன்மேல் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வாளி கெட்டதற்கே போன மாதம் கூட வேலை பார்த்த செவந்தியை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். வேலை போனால் கீரனூரில் எடுத்த ஒற்றை அறையும் போகும். மறுபடி அண்ணன் வீட்டில், அண்ணி முகத்தில் முழித்துக்கொண்டு கிடக்க வேண்டும். செத்தாலும் அங்கே போகமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு மோல்டை உருவினார்கள். எப்போதும் சர்ரென்று வரும். இன்றைக்குச் சப்புக்கொட்டுகிற சத்தத்தோடு வந்தது. சூப்பர்வைசர் கோபிநாத் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"வனிதா, உள்ள போயி தாளை உரிச்சுருங்க."

ஒல்லியாக இருப்பதால் அந்த வேலையும் அவள் தலையில்தான். கண்ணாடித் தூசி அரிக்காமலிருக்கக் கைகளில் பவுடரை அப்பிக்கொண்டு தவழ்ந்து நுழைந்தாள்.

ரெசின் நெடி பழகியதுதான். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது: கட்டு மாற்றாத புண்ணின் வாடையும், நாலு நாள் மூடிக்கிடந்த சோற்றுப்பானையின் வாடையும் ஒன்றாகச் சேர்ந்து நாக்கில் வந்து உட்கார்ந்தன. நடுப்பகுதிக்குப் போய்த் தாளின் ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தாள். தீக்காயத்தில் தோல் உரிவதுபோல உரிந்தது. அடியில் மஞ்சளாக, கொழகொழவென்று குழாயின் சுவர், தாளோடு நூல்நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. உதட்டில் ஒரு சொட்டு விழுந்தது. துப்பினாள். இனித்தது. அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

சுவர் முழுக்க மயிர்போலக் கண்ணாடி நூல்கள் படிந்து கிடந்தன. அவள் மூச்சு பட்டதும் எழுந்து நின்றன.

"என்னங்க, ஈரமா இருக்கா?" வெளியிலிருந்து கோபிநாத் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காலைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவார்கள். அதோடு வேலையும் போய்விடும்.

"இல்லங்க சார். காஞ்சுருச்சு."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி சுவர் சூடேறத் தொடங்கியது. கேட்டலிஸ்ட் ஊற்றின ரெசின் இறுகும்போது ஏறுகிற அதே சூடு.

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. மணிக்கட்டு வரை உள்ளே போயிருந்தது. உள்ளே எதுவோ விரல்களைச் சப்பியது. முழங்கால் அமிழ்ந்தது. கன்னம் ஒட்டியது. கத்த வாயைத் திறந்தாள். வாய் நிறைய வெதுவெதுப்பு. தொண்டை வரை. குமட்டியது. குமட்டவும் இடமில்லை.

பிறகு இறுகியது.

கண்ணை மூட முடியவில்லை. தேன் நிறச் சுவர் வழியே கொட்டகை தெரிந்தது, வாசலில் வெயில் தெரிந்தது. கோபிநாத் குழாயின் வாயில் குனிந்து டார்ச் அடித்தார். வெளிச்சம் மறுமுனை வரை வழுக்கிக்கொண்டு போனது.

"உள்ள ஆளக் காணோமே. அங்கிட்டு இறங்கிப் போயிட்டாங்களா?"

"டீ குடிக்கப் போயிருக்கும் சார்." அய்யாக்கண்ணுவின் நிழல் நெருங்கி வந்தது. "எப்படி வழவழன்னு வந்துருக்கு பாருங்க."

மரச்சுத்தியல் உயர்ந்தது. நேராக அவள் முகத்துக்கு மேல்.

ணங்.

பற்கள் அத்தனையிலும் விழுந்தது.

"சுத்தமான சத்தம்," என்றார் கோபிநாத். அவளுடைய திறந்த கண்ணுக்கு நேரே, வெளிப்புறத்தில், சாக்பீஸால் பெரிதாக ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த குழாய்க்கு நகர்ந்தார்.