வெள்ளிப் பறவையும் பித்தளைச் சிங்கமும்

காலை 9.40. ஏலக்கூடத்தின் நடுவே, சிவப்புக் கயிற்று வேலிக்குள், தொண்ணூறு வயதுக் கார் ஒன்று மூக்கறுபட்டு நின்றது.

முதலில் பார்த்தவர் ஏலக்காரர். பானெட்டின் நுனியில் இறக்கை விரித்து நிற்கும் வெள்ளிப் பறவையைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு துளை. ஏலக்காரர் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பறவை உள்ளே போய்ப் படுத்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

பதினொரு மணிக்கு ஏலம். அதற்குக் கால் மணி நேரம் முன்பு, பறவையைக் கழற்றி மேடையில் வைத்துப் புத்தக வெளியீடு. அந்த ஒரு பறவையைப் பற்றி மட்டுமே நூற்றறுபது பக்கம். எழுதியவர் பழங்கார் நிபுணர். நிபுணர் என்பது தொழில் அல்ல, பட்டம். சூட்டிக்கொண்டவரும் அவரே.

"இது துடைக்கிற அம்மா வேலைதான்" என்றார் ஏலக்காரர். "கடைசியா காருகிட்ட நின்னது அவங்கதான். பத்தரைக்குள்ள பறவை வரலன்னா, ஏப்ரனை அவுத்து வெச்சுட்டுக் கிளம்பிடலாம்."

துடைக்கிற அம்மா அந்தக் கூடத்துக் கார்களுக்குப் பத்தொன்பது வருடமாக மெழுகு போடுபவர். கை இரண்டும் மெழுகு வாசனை.

"நான் எடுத்து என்ன சார் பண்ணப்போறேன்? எங்க வீட்ல பானெட்டே இல்லையே."

கூட்டத்திலிருந்து ஒரு பெண் கயிற்றைத் தாண்டி வந்தார். விடுப்பில் இருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர். கணவர் இழுத்து வந்திருந்தார். கணவர் கார்ப் பித்தர். சொந்தமாக இருப்பது ஒரு சைக்கிள்.

காலையில் வாசலிலேயே இருவருக்கும் ஒரு சுற்று நடந்திருந்தது.

"ஏங்க, பெல்ட் பக்கிள் ஒரு பக்கமா இடுப்புக்குப் போயிடுச்சு. நேராப் போடத் தெரியாதா?"

"தெரியாமப் பேசாதே. காரு மேல சாயும்போது பக்கிள் உரசிப் பெயிண்ட் போயிடும். காரு தெரிஞ்சவன் எவனும் கிட்டப் போறதுக்கு முன்னாடி திருப்பிக்குவான். கை தானாப் போகும்."

"உங்களை யாரு சாயச் சொன்னா?"

"யாராவது சொன்னா? தயாரா இருக்க வேணாமா?"

9.50. இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்தார். பறவையைப் பிடித்திருந்த நட்டு பானெட்டுக்கு அடியில். அதைக் கழற்ற வேண்டுமானால் பானெட்டைத் தூக்கி, மட்கார்டின் மேல் வயிறு பதியக் கவிழ வேண்டும். மட்கார்டில் முகம் பார்க்கலாம். ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் மெக்கானிக்கின் கருவிப்பெட்டி வாய் திறந்து கிடந்தது.

"பாத்தீங்களா மேடம்? ஒரு கோடு விழல. இவ்வளவு பதவிசா வேலை செய்ய அந்தம்மாவால மட்டும்தான் முடியும்" என்றார் ஏலக்காரர். திறமையைப் பாராட்டிக்கொண்டே வேலையை விட்டுத் தூக்கும் கலை எல்லோருக்கும் கைவராது.

ஒன்பதே காலிலிருந்து இருபது நிமிடம் பொதுமக்கள் தேநீருக்காக வெளியே. ஏலக்காரரும் அவர்களோடு. உள்ளே போக அட்டை உள்ளவர்கள் மூவர்.

முதலில் துடைக்கிற அம்மா.

"எங்க போனீங்க?"

"பின்னாடி குழாயில ரெண்டு துணி அலசப் போனேன்."

"ரெண்டு துணிக்கு இருபது நிமிஷமா?"

"மெழுகு மேடம். உங்க கோர்ட்டு கேஸ் மாதிரி. லேசுல போகாது."

அடுத்தவர் மெக்கானிக். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பு, பெல்ட்டே கிடையாது.

"பின்னாடி லாரில டயர் இறக்கிட்டிருந்தேன்."

"யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"ஒம்போது மணிக்கு நிபுணர் சார்கிட்ட. பறவையோட அடியை எப்பவாவது பாத்திருக்கீங்களான்னு கேட்டேன். நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல."

"அடியில என்ன?"

"பறவை கிடைச்சா நீங்களே பாப்பீங்க மேடம். என் வாயைக் கிளறாதீங்க."

இதற்கிடையில் கணவர் போனை நீட்டினார். "எட்டரைக்கு நிபுணரோட எடுத்துக்கிட்டேன் பாரு." படத்தில் மூன்று பேர்: கணவர், நிபுணர், இருவருக்கும் நடுவில் நிபுணரின் தொப்பை உச்சியில் பித்தளைச் சிங்க முகப் பக்கிள். நிபுணரின் தோளில் தோல் உறை. அதிலிருந்து பூதக்கண்ணாடியின் கைப்பிடி எட்டிப் பார்த்தது.

10.10. மூன்றாவதாக நிபுணர் வந்தார். ஒரு கையில் பூதக்கண்ணாடி. மறு கையை இடுப்புச் சிங்கத்தின் மேல் ஊன்றிக்கொண்டார். தோளில் உறை பொத்தான் போட்டு மூடியிருந்தது.

"காரைத் தொட்டீங்களா சார்?"

"தொடுவதா? ஆறடி தள்ளி நின்று ரசிப்பவன் நான். சாய்வதும் தடவுவதும் மெக்கானிக்குகளின் பாணி."

"இன்னைக்கு ஒரு தடவை கூடக் கிட்டப் போகல?"

"என் கண்கள் போயின. நான் போகவில்லை."

"கண்ணாடி கை வலிக்குமே. உறையில வெச்சுக்கலாமே?"

"பழகிவிட்டது."

10.25. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் காரருகே கூப்பிட்டார். துடைக்கிற அம்மாவின் விரல்கள் ஏப்ரன் முடிச்சுக்குப் போயிருந்தன. இன்னும் ஐந்து நிமிடம்.

"முடிச்சை விடுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "எடுத்தவரு காரைக் கீறல. பறவையைத் திருடியும் பெயிண்டை மதிச்சிருக்காரு. கவிழறதுக்கு முன்னாடி பக்கிளை இடுப்புக்குத் திருப்பியிருக்காரு. பழக்கம், கை தானாப் போகும். இந்தம்மாவுக்கும் மெக்கானிக்குக்கும் பெல்ட்டே இல்ல, திருப்ப. நிபுணர் சார், எட்டரைக்குத் தொப்பை மேல இருந்த சிங்கம் இப்ப ஏன் இடுப்புல படுத்திருக்கு? ஆறடி தள்ளி நின்னு ரசிக்கிறவருக்கு அதைத் திருப்ப என்ன அவசியம்?"

நிபுணர் குனிந்து பார்த்தார். தொப்பை மறைத்ததால் சிங்கம் தெரியவில்லை. அதனால்தான் திருப்பி வைக்க மறந்திருந்தார்.

"கண்ணாடியைக் கையிலயே வெச்சிருக்கீங்களே, உறைக்குள்ள யாரு குடியிருக்கா?"

பொத்தானைக் கணவரே கழற்றினார். வெளியே வந்தது பறவை. இன்ஸ்பெக்டர் அதைக் கவிழ்த்தார். அடிப்பகுதியில், பொட்டு வைத்தாற்போல ஒரு சிவப்புப் புள்ளி.

"இது என்ன?"

"சுடுதண்ணிக் குழாயோட மூடி மேடம்" என்றார் மெக்கானிக். "பழைய பறவை உடைஞ்சு பத்து வருஷமாச்சு. காருக்குச் சொந்தக்காரர் கேட்டாரு. எங்க பாத்ரூம் குழாயை அறுத்துச் செஞ்சு குடுத்தேன். மேல வெள்ளி முலாம்."

ஏலக்காரர் மேசையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது: 'தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய கைவினைஞனால் மட்டுமே வார்க்க முடிந்த மோனப் புன்னகை.'

"அது எங்க வாத்து பொம்மையைப் பாத்துச் செஞ்சது" என்றார் மெக்கானிக்.

"வெளியீடு முடிந்ததும் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான்..." நிபுணரின் செந்தமிழ் பாதியில் நின்றது. "மேடையில யாராவது திருப்பிப் பாத்துட்டா என் மானம் போயிடும் மேடம்."

"உங்க மானத்துக்கு இந்தம்மா வேலை போகணுமா? வாங்க, ஸ்டேஷன்ல உட்கார்ந்து பேசுவோம்."

அவரை நடத்திக்கொண்டு போகும்போது கணவர் காதருகே வந்தார். "இனிமே பெல்ட்டைப் பத்திப் பேசுவியா?"

"வீட்ல சைக்கிள்தான் இருக்கு. அங்க நேராப் போடுங்க."

10.50. துடைக்கிற அம்மா பறவையைப் பொருத்தி, அதன் குழாய்க் கழுத்துக்கும் ஒரு சுற்று மெழுகு போட்டார். மன்னிப்புக் கேட்கும் பாவனையில் தொண்டையைக் கனைத்தபடி ஏலக்காரர் காரை நெருங்கினார்.

அந்த அம்மா துணியை நீட்டி வழிமறித்தார்.

"அங்கயே நில்லுங்க சார். முதல்ல பெல்ட்டைத் திருப்புங்க."

ஏலக்காரர் திருப்பினார். அவருக்குப் பின்னால், கூடம் முழுக்கப் பக்கிள்கள் இடுப்புக்கு நகரும் சத்தம் கேட்டது.