காகத்துக்கு வைச்ச சோறு

காகம் கோப்பையை நக்காது. அது யசோதினிக்கு நல்லாத் தெரியும். காகமெண்டால் கொத்தும், இழுக்கும், பாதியைச் சிந்தும், வடையைத் தூக்கிக்கொண்டு பறக்கும். இது அப்பிடியில்லை. பல்கனியில வைச்ச சில்வர் சாப்பாட்டுக் கோப்பை கழுவிக் கவிழ்த்து எடுத்த மாதிரிக் கிடந்தது. கிட்டக் குனிஞ்சு பார்த்தால் கழுவினதுமில்லை. நடுவில இருந்து விளிம்பு வரைக்கும் அகல அகலமா ஈரக் கோடுகள், அதுக்கு மேல சின்னச் சின்ன நுரை, அந்த நுரை இன்னும் உடைஞ்சு முடியேல்லை. சோத்தில கலந்திருந்த எள்ளு மட்டும் ஒரு பக்கமா ஒட்டிக்கிடந்தது, ஆரோ வாய்க்குள்ள பிரிச்செடுத்துத் துப்பின மாதிரி. ஊத்தைத் துணியை நாள்கணக்கா வாளித் தண்ணிக்குள்ள ஊறவிட்டால் ஒரு மணம் வருமெல்லோ, அந்த மணம்.

கோப்பையை இரண்டு விரலால தூக்கிக்கொண்டு போய்ச் சிங்குக்குள்ள போட்டுச் சுடுதண்ணியைத் திறந்துவிட்டாள். பிறகு கையையும் கழுவினாள். பிறகும் ஒருக்கால் கழுவினாள்.

யசோதினி பள்ளிக்கூடத்தில கணக்கு ரீச்சர். லண்டன் ஈஸ்ட் ஹாமில இருந்து பஸ் எடுத்துப் போற தூரத்தில உந்த பிளாற்றை வாங்கி ரெண்டு மாசம்தான். வாங்கினது எண்டு சொல்லுறதும் பாதிதான். ரீச்சர்மாருக்கும் நேர்ஸ்மாருக்கும் கவுண்மேந்து ஒரு திட்டம் வைச்சிருந்தது. வீட்டில பாதியை நீ வாங்கு, மிச்சப் பாதிக்கு வாடகை கட்டு, நீயேதான் குடியிருக்கவேணும், வேறை ஆருக்கும் வாடகைக்கு விடேலாது. ஆரும் போக விரும்பாத எஸ்டேட்டுகளுக்கு நல்ல வேலையில இருக்கிற சனம் போனால் இடம் திருந்துமாம். திருந்தின லட்சணம் லிப்ற்றுக்குள்ள போனால் தெரியும். மூலைக்குள்ள மூத்திரம், பட்டனில சளி, குப்பை போடுற குழாய் வாய் வரைக்கும் அடைச்சு ஆறாம் மாடி முழுக்கப் பழம் அழுகின நாத்தம். மேல் மாடி வீடுகளுக்கு ஆளில்லை. கதவு யன்னலெல்லாம் இரும்புத் தகடு அடிச்சு மூடிக்கிடந்தது.

எண்டாலும் சொந்த வீடு. மோர்டனில மாமி வீட்டுச் சின்ன அறைக்குள்ள புருசன், பிள்ளையோட மூண்டு பேரும் ஒரு கட்டிலில கிடந்த காலம் முடிஞ்சுது எண்டு அவள் சந்தோசப்பட்டவள்தான். மகள் ஜதுர்ஷிகாவுக்கு ஐஞ்சு வயசு, அவளுக்கெண்டு ஒரு அறை. அதுக்காண்டி எந்த நாத்தத்தையும் பொறுக்கலாம் எண்டு நினைச்சாள்.

அந்த வருசம் சனி மாற்றம். மாமி யோகமலர் விடாமல் போன் எடுத்தா.

"பிள்ளை, புரட்டாதிச் சனி தவறவிடாதை. காகத்துக்கு வைச்சு, அது வாய் வைச்சாப் பிறகுதான் நீ சாப்பிடவேணும்."

"இஞ்சை காகத்தைக் காணேல்லை மாமி. விறைச்சுப்போய் நிக்கிறன்."

"நீ கூப்பிட்டால் எங்கை வரப்போகுது, பள்ளிக்கூடத்துப் பெடியளை வெருட்டுற குரல். ஜதுக் குஞ்சைக் கூப்பிடச் சொல்லு. பிள்ளையள் கூப்பிட்டால் வரும்."

ஜது பல்கனிக் கதவடியில நிண்டு கா, கா எண்டு கூப்பிட்டாள். அவளுக்கு விளையாட்டு. அம்மாவும் மகளும் உள்ளுக்கு வந்து கதவைச் சாத்தினாப் பிறகு கோப்பை அசைஞ்ச சத்தம் கேட்டுது. செட்டைச் சத்தம் கேக்கேல்லை. அந்த மாசத்துச் சனியெல்லாம் அப்பிடித்தான் நடந்தது. பிள்ளை கூப்பிட்டாள், கோப்பை காலியானது, யசோதினி சாப்பிட்டாள். நக்கின கோப்பையைக் கழுவேக்கை, நரியா இருக்கும், பூனையா இருக்கும் எண்டு தனக்குத் தானே சொல்லிக்கொள்ளுவாள். ஆறாம் மாடிக்கு நரி எப்பிடி வரும் எண்டு யோசிக்கத் தொடங்கினால் உடனே ரிவியைப் போட்டுவிடுவாள்.

புரட்டாதி முடிஞ்சுது. சோறு வைக்கிறதை நிப்பாட்டினாள்.

அதுக்குப் பிறகுதான் மற்றது தொடங்கினது.

முதல்ல பல்கனிக் கதவுப் படியில ஒரு கட்டி கிடந்தது. உள்ளங்கையளவு, சாம்பல் நிறம், பிசைஞ்ச களி மாதிரி. பூனை சத்தி எடுத்திருக்கு எண்டு நினைச்சுக் கிச்சின் பேப்பரால அமத்தி எடுத்தவளுக்குக் கையில சூடு தட்டுப்பட்டுது. குளிர் காலத்தில, வெளியில கிடந்த சாமான், உடம்புச் சூட்டில இருந்தது. பேப்பருக்குள்ளால பார்த்தால் பாண், கோழித்தோல், எவரோ எறிஞ்ச பொரியல் கிழங்கு, ஒரு நீளத் தலைமயிர். எல்லாம் பல்லால அரைச்சு வடிவா உருட்டிக் கிடந்தது. சிங்குக்கு ஓடிப்போய் ஓங்காளிச்சாள். அடுத்த நாளும் கிடந்தது. அதுக்கடுத்த நாள் கிடக்கேல்லை. படியில ஈரம் மட்டும்.

அண்டைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு ஜது வாய் திறக்கேல்லை.

"பசிக்கேல்லை அம்மா."

"மத்தியானம் என்ன சாப்பிட்டனி?"

"ஒண்டும் சாப்பிடேல்லை."

ஒண்டும் சாப்பிடாத பிள்ளையின்ர யூனிபோர்ம் பாவாடை இடுப்பில இறுகினது. கன்னம் ஊதினது. கொஞ்சிறதுக்கு முகத்துக்குக் கிட்டப் போன யசோதினி தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிள்ளையின்ர வாயில அந்த மணம்.

பல்லுத் தீட்டிவிட்டாள். நாக்கையும் தேய்ச்சாள். பிரஷில கோழித்தோல் துண்டு வந்தது.

பின்னேரத்தில பிள்ளை தகப்பனோடதான். கிருஷாந்துக்கு பெற்றோல் ஸ்ரேசனில இரவு ஷிப்ட், பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு வந்து ரிவிக்கு முன்னால இருத்திப்போட்டு அவன் படுத்திடுவான். அவனுக்குச் சொன்னாள்.

"புறா எச்சமா இருக்குமப்பா," எண்டான்.

"புறா பாண் அரைச்சு உருட்டுமே? இந்த வீடு வேண்டாம். போவம்."

"எங்கை போறது? வாடகைக்கு விடவும் ஏலாது. விக்கிறதெண்டால் இந்த வருசத்து விலைக்கு ஆர் வாங்குவான், இன்னொரு ரீச்சர் வந்து மாட்டவேணும். திரும்பவும் அம்மாவின்ர சின்ன அறையோ?"

"ஓம். அந்த அறைதான். பிள்ளை பெரிசோ வீடு பெரிசோ?"

முதல்ல பல்கனிக்கு ஒரு வலை அடிச்சுப் பாப்பம், லீவு விட்டாப் பிறகு யோசிப்பம் எண்டான். அவளும் ஓம் எண்டாள். எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த வீடு.

எஸ்டேட்டில திருத்த வேலை செய்யிற பெனடிக்ற் அண்ணை வந்தார். பிரான்ஸில இருந்து வந்த மனுசன், ஏணியைச் சாத்திக்கொண்டு கதை விட்டுக்கொண்டே பல்கனியை மூடி நைலோன் வலை இழுத்துக் கட்டினார்.

"இனி நுளம்பு வாறதெண்டாலும் என்னட்டைக் கேட்டுத்தான் வரவேணும், ரீச்சர்."

"மேல் வீட்டில ஆரும் இருக்கினமோ அண்ணை?"

"மேலையோ? தகடடிச்சு மூண்டு வருசம். நான்தான் அடிச்சனான்." மூக்கைச் சுளிச்சார். "பாத்ரூமுக்கை ஏதோ செத்துக் கிடக்கோ, ரீச்சர்? காத்துக் குழாய் மேல் வீட்டோட ஒண்டுதான், எலி விழுந்திருக்கும். பிறகொரு நாள் வந்து பாக்கிறன்."

வலைக்குப் பிறகு பல்கனிப்படி காய்ஞ்சு துப்பரவாக் கிடந்தது. யசோதினிக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறினது. அண்டைக்குப் பின்னேரம் பாத்ரூமுக்குள்ள போனவள், குளிக்கிற தொட்டி விளிம்பில கையை ஊண்டினாள். கை வழுக்கினது. சூடா, கொழகொழவெண்டு, விரலுக்கு நடுவில ஏறினது. மேல பார்த்தாள். காத்துப் போற ஓட்டையின்ர பிளாஸ்ரிக் மூடி கழண்டு ஒரு ஆணியில தொங்கினது. ஓட்டையைச் சுத்திச் சுவரெல்லாம் மினுமினுத்துக்கொண்டு, நத்தை ஊர்ந்த மாதிரி. உள்ளுக்கு இருட்டு. இருட்டுக்குள்ள இருந்து மூச்சு மாதிரி ஒரு இளஞ்சூட்டுக் காத்து.

பாத்ரூம் கதவை வெளியால பூட்டினாள். ரொயிலெற் தனி அறை, நல்ல காலம். திறப்பை உருவி அலுமாரிக்கு மேல வைச்சாள். கிருஷாந்திட்டை அவள் இந்தமுறை கேக்கேல்லை, சொன்னாள். நாளைக்குப் பிள்ளையை மோர்டனுக்குக் கூட்டிக்கொண்டு போறன், வீடு கிடந்து நாறட்டும். அவன் ஓம் எண்டு மட்டும் சொன்னான்.

அடுத்த நாள் கடைசிப் பாடத்தை வேறை ரீச்சரிட்டைக் குடுத்துப்போட்டு வெளிக்கிட்டாள். நாலு மணிக்கே கார்த்திகை மாசத்து இருட்டு எஸ்டேட்டை மூடிப்போட்டுது. லிப்ற் வேலை செய்யேல்லை. ஆறு மாடியும் ஏறினாள், மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு மாடியிலயும் குப்பை நாத்தம் கனத்துக்கொண்டு வர. கதவைத் திறந்தாள். ரிவியில காட்டூன் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கிருஷாந்தின்ர குறட்டை. பிள்ளையின்ர சப்பாத்து நடு ஹோலில.

பிள்ளையைக் காணேல்லை.

"ஜது?"

அலுமாரிக்குப் பக்கத்தில கதிரை. கதிரைக்கு மேல சின்னக் காலடித் தடம். திறப்பு பாத்ரூம் கதவில.

உள்ளுக்கிருந்து சத்தம். களுக். களுக். பால் குடிக்கிற பிள்ளையின்ர தொண்டைச் சத்தம்.

கதவைத் தள்ளினாள்.

ஜது தொட்டிக்குள்ள முழங்காலில நிண்டாள். தலை பின்னுக்கு. கண் மூடி. வாய், ஐஞ்சு வயசுப் பிள்ளை திறக்கேலாத அகலத்துக்குத் திறந்து கிடந்தது. ஓட்டைக்குள்ளால ஒரு கழுத்து. கையளவு தடிப்பு, தோலுரிச்ச மாதிரி சாம்பல் ஈரம், கீழ வர வர நீளம். அதின்ர நுனியில ஒரு முகம் மாதிரி. மனுச வாய் மாதிரி. அது பிள்ளையின்ர வாய்க்குள்ள சொண்டு வரைக்கும் போயிருந்தது. கழுத்துக்குள்ள ஒரு கட்டி மேலயிருந்து இறங்கினது. மெதுவா. பிள்ளை விழுங்கினாள். இன்னொரு கட்டி. விழுங்கினாள். பல்லிடுக்கால வழிஞ்சது யூனிபோர்மில சொட்டினது.

அது வாயை வெளியில இழுத்தது. எச்சில் நூல் நூலா நீண்டு அறுந்தது. ஜது கண்ணைத் திறக்காமல் உதட்டை நக்கினாள்.

"அம்மாவுக்கும் பசிக்குது," எண்டாள் அன்பா.

முகம் யசோதினிப் பக்கம் திரும்பினது. கண் இருக்கவேண்டிய இடத்தில ஈரத் தோல்.

அவள் கத்துறதுக்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்கு நேரா அது நிமிர்ந்தது. அதுக்குத் திறந்த வாயெண்டால் ஒரு அர்த்தம்தான், பசி. கழுத்து ஓட்டைக்குள்ளால இன்னும் இறங்கினது, தொட்டியைத் தாண்டி, பிள்ளையைத் தாண்டி. கழுத்துக்குள்ள ஒரு கட்டி அதின்ர வாயை நோக்கி வந்தது. ஆவி பறக்கிற சூடு மூக்கில பட்டுது.

வாயை மூடப் பார்த்தாள்.

மூடேலாமல் கிடந்தது.