பெயர் பிறகு, முகம் பிறகு

கடவுள் உலகத்தைப் படைத்தபோது செய்த ஒரே தப்பு, எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்து தொலைத்ததுதான். இதை இன்பசேகரன் யோசித்துச் சொன்னான்; பி.எஸ்ஸி. கணிதத்தில் மூன்று பேப்பர் அரியர் வைத்திருப்பவனுக்கு உரிய முழு நிதானத்தோடு சொன்னான். மலையை வைத்தால் வைத்ததுதான், வைகையில் தண்ணீர் இல்லையென்றால் இல்லைதான். தான் படைக்கும் உலகத்தில் அந்தக் கோளாறெல்லாம் இருக்காது என்றான்.

அப்படிப்பட்டவனுக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வரைபடத்தில் தான் வைத்த பென்சில் புள்ளி வைத்த இடத்தில் இல்லாதது எரிச்சலைத்தான் தந்தது.

எண்பத்தைந்தாம் வருஷம், ஏப்ரல். கப்பலில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன் ஜேசுராஜ், போன லீவில் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தையும் இருபது முகம் உள்ள ஒரு பகடையையும் கொண்டுவந்து கொடுத்திருந்தான். நாலு பேர் உட்கார்ந்து, நான் மந்திரவாதி, நான் வாள்வீரன் என்று சொல்லிக்கொண்டு, இல்லாத ஊருக்குள் நடந்து போகும் விளையாட்டு. அந்த இல்லாத ஊரை ஒருவன் எழுதிவைக்க வேண்டும். இன்பசேகரன் எழுதினான். ஆட வந்தவர்கள் மூன்று ஞாயிறும் அதைக் குட்டிச்சுவராக்கினார்கள். வடக்கே ஒரு பூதக் குகையை ஒன்பது நாள் உட்கார்ந்து அவன் வரைந்திருக்க, வாள்வீரனான காசிமாயன் தெற்கே திரும்பிச் சந்தைக்குள் போய்விட்டான்.

"குகைக்குப் போடா!"

"குகையில என்ன மாப்ள இருக்கு? இந்தக் காளை எம்புட்டுன்னு கேளு. பல்லைப் பாக்கணும்."

அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் வளையும் உலகம். இதில் ஊர், பாதை எதுவும் நிலையாக இருக்காது. ஒரு கிராஃப் தாளில் பென்சில் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. ஆடுபவன் எந்தத் திசையில் திரும்பினாலும் முதலில் எதிரே வருவது ஒரே ஆள்தான். அவளுக்கான அட்டையில் இப்படி எழுதியிருந்தான்:

ஒரு பெண். தன் வீட்டைத் தேடுகிறாள். பெயர்: பிறகு. முகம்: பிறகு. வீடு: தேவைப்படும் இடத்தில்.

எல்லோரும் புறப்படும் இடத்தை மட்டும் நிலையாக வைக்க வேண்டியிருந்தது. அதற்குப் புதிதாக யோசிக்கச் சோம்பல். கோச்சடையில் தன் வீடு இருக்கும் சந்து எப்படியோ அப்படியே வரைந்து வைத்தான். முனையில் குழாயடி, அங்கிருந்து மூன்றாவது கதவு அவனுடையது.

காசிமாயன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கருமாத்தூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை.

"எல்லைக்கல்லு எங்க மாப்ள?"

"எதுக்கு?"

"ஊர் போட்டா மொத வேலையே கல்லு நட்டு, எலுமிச்சை அறுத்து வைக்கிறதுதான்டா. வீடு, கெணறு எல்லாம் அப்புறம். கல்லு இல்லாட்டி, எது உள்ள எது வெளியன்னு அதுகளுக்கு எப்பிடித் தெரியும்?"

"எதுகளுக்கு?"

"அதுகளுக்கு."

"என் உலகம் ரப்பர்டா. கல்லு நட்டா இழுக்க முடியாது. வேணும்னா உங்க சாமிக்கும் ஒரு அட்டை போடுறேன், பகடையில எம்புட்டு விழுகுதுன்னு பாப்போம்."

அதோடு விடாமல், வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் 'கல்லுக்கு ஏன் எலுமிச்சை ஜூஸ்?' என்று இரண்டு பக்கம் எழுதினான். எல்லோரும் சிரித்தார்கள். காசிமாயன் சிரிக்கவில்லை.

இப்போது மணி மூன்று. அப்பாவும் அம்மாவும் மேலூரில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்குப் போயிருந்தார்கள். நாலு மணிக்குக் கூட்டாளிகள் வந்துவிடுவார்கள். வடமேற்கு மூலையில் இருக்க வேண்டிய அவளுடைய புள்ளி, தாளின் நடுவில் இருந்தது. காசிமாயன் வேலை என்று திட்டிக்கொண்டே அழித்துவிட்டு மூலையில் மறுபடி வைத்தான். பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்தான். புள்ளி குழாயடிக்குப் பக்கத்தில் இருந்தது. மறுபடி அழித்தான், தாள் நைந்துபோகும் அளவுக்கு அழுத்தி அழித்தான். அழித்த இடத்திலிருந்து ரப்பர் துகளை ஊதித் தள்ளியபோது, அதற்கடியில் புள்ளி அப்படியே இருந்தது.

கரண்ட் போனது. மின்விசிறி மூன்று சுற்று தயங்கிச் சுற்றி நின்றதும், அதுவரை அதன் இரைச்சலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர், ஓட்டின் மேல் காய்ந்த வேப்பிலை உருளுவது, அப்புறம் சந்தில் ஏதோ தேய்ந்துகொண்டே வருவது. செருப்புச் சத்தம் இல்லை. தாளின் மேல் ரப்பரை அழுத்தித் தேய்க்கும் சத்தம். சூடான ரப்பரின் வாடை ஜன்னல் வழியாக வந்தது.

முதல் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள்.

"இது எங்க வீடுதானக்கா?"

பெண்குரல். ஏற்ற இறக்கமே இல்லை.

"இல்லம்மா, நீ யாரு..." என்று ஆரம்பித்த ராமக்காள் அக்காவின் குரல், பாதியில் நின்றது. கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. பிறகு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

மறுபடி தேய்க்கும் சத்தம். இரண்டாவது வீடு. "இது எங்க வீடுதானா?" அங்கே நாய் ஒன்று உண்டு. அது குரைக்கவில்லை.

இன்பசேகரன் அட்டையைப் பிடுங்கி எடுத்தான். பெயர் வைத்துவிட்டால் போயிற்று. வீட்டையும் எங்கேயாவது தள்ளி வைத்துவிட்டால் தீர்ந்தது. 'வீடு: அவனியாபுரம்' என்று எழுதப்போனான், பென்சில் முனை ஒடிந்தது. பேனாவை எடுத்து 'பெயர்: செல்லத்தாய்' என்று எழுதினான். மை ஊறிப் பரவி, எழுத்து கலைந்து போனது. 'முத்துத்தாய்.' அதுவும் கலைந்தது. 'ஒச்சாயி.' கலைந்தது. அவனுக்கு அழுகைதான் வந்தது. வளையும் உலகம் பிறந்ததிலிருந்து எதையும் முடிவு செய்யாமல் இருந்த கை, இப்போது ஒரு பெயரைக்கூட முடிவு செய்யமாட்டேன் என்றது.

அவன் கதவைத் தட்டினார்கள்.

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடி, அம்மியின் மேல் கிடந்த குழவியை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தான். அடுப்படியில் ஜூஸுக்கு வைத்திருந்த எலுமிச்சையில் ஒன்றை எடுத்தான். வாசற்படியின் உட்புறம் குழவியை நட்டமாக நிறுத்தினான். மஞ்சள் பூசினான். எலுமிச்சையை அறுத்து, இரண்டு பாதியையும் இரண்டு பக்கம் வைத்தான். இதெல்லாம் அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அந்த நேரத்தில் நினைவில்லை. மத்தியானப் பாடவேளையில் அவன் கேலி பண்ணப் பண்ண, காசிமாயன் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தான்.

தட்டுவது நின்றது.

வாடை குறைந்தது. சந்து அமைதியாக இருந்தது. இன்பசேகரன் முழங்காலிட்டபடியே, யாரும் பார்க்கவில்லை என்பதை ஒரு தடவை உறுதி செய்துகொண்டு, கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

முதுகில் காற்று பட்டது.

கொல்லைக் கதவு. திறந்தது திறந்தபடி.

மேஜையின் மேல் பகடை உருண்டது. நின்றது.

"கல்லு நட்டாச்சா தம்பி?" ஏற்ற இறக்கமில்லாத குரல். வெகு பக்கத்தில். "அப்ப இதுதான் எங்க வீடு."

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. அதில் ஒரு பென்சில். புதிதாகச் சீவியது.

அவன் திரும்பினான்.

முந்தானைக்குள் முகம் இருக்க வேண்டிய இடத்தில், அழித்து அழித்து நைந்த தாளின் சாம்பல் வெளுப்பு. அதன் நடுவில் அவனுடைய கையெழுத்தில் ஒரே ஒரு சொல்.

பிறகு.