கறுப்புப் படத்தில் இரண்டு புள்ளிகள்

வாடகை ஸ்டுடியோவின் சாவியைக் கொடுக்காமல் அந்த அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"படம் எடுக்கறப்ப லைட்டையெல்லாம் அணைச்சுடுவீங்களாமே?" நான் போனில் சொன்னதை நினைவில் வைத்திருந்து கேட்டாள்.

"முதல் படத்துக்கு மட்டும். அதை முழு இருட்டுல எடுக்கணும்."

"முழு இருட்டுன்னா?"

"கையை நீட்டினா விரல் தெரியாத இருட்டு" என்றாள் என் தங்கை. "அது இல்லன்னா எங்க அக்காவுக்கு வேலையே ஓடாது."

சாவிக்காரம்மாள் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மடக்கிவிட்டாள். கதவைத் தாண்டி ஓர் அடிகூட உள்ளே வரவில்லை. வெளியே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நல்ல காலை வெயில். ஆனால் கதவைச் சாத்தியதும் வெயில் என்ற ஒன்று இருந்ததே மறந்துபோனது. ஜன்னல் இல்லாத நீளமான அறை. சுவர், கூரை, தரை எல்லாவற்றுக்கும் கறுப்பு பெயின்ட். சூடான பல்பில் தூசி கருகினால் ஒரு வாடை வருமே, அந்த வாடை. கூரையில் ஒற்றை டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. அதன் சுவிட்சை யாரும் அணைத்துவிட முடியாதபடி மேலே அடுக்கடுக்காக டேப் ஒட்டியிருந்தார்கள். ஒரே டேப் அல்ல. கறுப்பு, பழுப்பு, வெள்ளை என்று ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு ஒட்டியது போல.

"யாரோ வேலையத்தவன்" என்று நகத்தால் கிள்ளி உரித்துப் போட்டேன்.

மாடியில் இருந்த வக்கீல் அலுவலகத்துக்காக அன்று மதியம் நாங்கள் முகப்படங்கள் எடுக்க வேண்டும். நான் புகைப்படக்காரி. தங்கை மேக்கப். வீட்டில் அவளுக்குப் பெயர் சுண்டு. இத்தனை வயதுக்குப் பிறகும் அப்படிக் கூப்பிடுவது அவளுக்குப் பிடிக்காது. அதனாலேயே அப்படித்தான் கூப்பிடுவேன். வரும் வழியில் காரில் பெரிய சண்டை. அடுத்த மாதத்திலிருந்து அவள் ஒரு டிவி கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாளாம். என்னோடு இனி வரமாட்டாளாம்.

"போறவங்க போகலாம்" என்று சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டது லைட்டைப் பற்றி மட்டும்தான்.

ஆள் உயர சாஃப்ட் பாக்ஸ் ஒன்றை, அதாவது வெள்ளைத் துணி போர்த்திய பெரிய சதுர விளக்கை, கேமராவுக்குப் பின்னால் நிறுத்தினேன். அதற்கு முன்னால் நான். எனக்கு எதிரே ஸ்டூல். ஸ்டூலின் இருபுறமும் கறுப்பு அட்டைகள். முன்னாலிருந்து வெளிச்சம் பரவும். அட்டைகள் அதைக் கன்னங்களில் தின்றுவிடும். முகம் படத்தில் கத்தி மாதிரி கூர்மையாக விழும். வக்கீலுக்கு அழகைவிட அது முக்கியம்.

இப்படி எடுத்த படத்தில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண் பாப்பாவில் சின்னதாக ஒரு வெள்ளைச் சதுரம் தெரியும். அது விளக்கு. சதுரத்தின் நடுவே கறுப்பாக ஓர் ஆள் தெரியும். அது நான். எந்தப் படத்திலும் எங்கள் தொழில்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். முகத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். எதிரே என்ன இருந்தது என்பதைக் கண் அப்படியே காட்டிவிடும்.

"உக்காரு" என்றேன்.

ஆட்கள் வரும்வரை சோதனைப் படத்துக்கு ஸ்டூலில் உட்கார்வது எப்போதும் சுண்டுதான்.

"இதுதான் கடைசித் தடவை. அடுத்த மாசம் ஒரு பூசணிக்காயை வாங்கி வச்சுக்க."

"அது பேசாம உக்காரும்."

சாஃப்ட் பாக்ஸ் விளக்கின் வயரை இன்னும் சுவரில் செருகவில்லை. டியூப் லைட்டை அணைத்தேன். முதல் படம் வெறும் கறுப்பாக வர வேண்டும். அப்படி வந்தால்தான் அறைக்குள் வேறெந்த வெளிச்சமும் இல்லை, இனிமேல் முகத்தில் விழுவதெல்லாம் நான் வைத்தது என்று அர்த்தம். எல்லோரும் இதைச் செய்வதில்லை. நான் செய்யாமல் விட்டதில்லை.

தடவித் தடவி கேமராவுக்கு வந்து பட்டனை அழுத்தினேன்.

திரையில் படம் வந்தது. கறுப்பு.

நடுவில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்.

பக்கத்தில் பக்கத்தில். ஒரு முகத்தில் கண்கள் இருக்கும் இடைவெளியில்.

"போனைக் கையில வச்சிருக்கியா?"

"உன் பையிலதான் இருக்கு. நீதானே பிடுங்கி வச்சே."

லைட்டைப் போட்டுத் தேடினேன். கதவுக்கு அடியில் முடி அளவுக்கு ஓர் இடுக்கு. துணியைச் சுருட்டி அடைத்தேன். கேமராவில் மினுக்கும் சிவப்பு விளக்கின் மேல் டேப் ஒட்டினேன். சுண்டு ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டு கொட்டாவி விட்டாள்.

"வர்றவங்களுக்கு மூக்கு காது தெரிஞ்சா போதும்க்கா. இருட்டைப் போய் யார் கேட்டா?"

"வாயை மூடு. ஆடாதே."

மறுபடி அணைத்தேன். மறுபடி அழுத்தினேன்.

இந்த முறை புள்ளிகள் பெரிதாக இருந்தன. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். என் சாஃப்ட் பாக்ஸின் சதுரம். நான்கு மூலையும் கூர்மையாக. ஆனால் அதன் வயர் இன்னும் தரையில்தான் கிடந்தது. என் செருப்புக்கு அடியில் அந்தப் பிளக் அழுந்துவதை உணர முடிந்தது.

சதுரத்துக்கு நடுவே கறுப்பாக நான்.

எனக்குப் பின்னால் இன்னொருவர்.

நெருங்கி நிற்கவில்லை. ஒரு கை நீளம் தள்ளி, தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு, திரையை எட்டிப் பார்ப்பது போல.

"சுண்டு. எழுந்து வெளிய போ."

"இப்பதான் ஆடாதேன்னே."

"போன்னா போ."

"கார்ல கிளம்புனப்பலேர்ந்து பாக்கறேன், என்னை நாய் மாதிரி…" அவள் நிறுத்தினாள். பிறகு குரலை இறக்கிக் கேட்டாள். "அக்கா, உன்கூட யாரு?"

"யாரும் இல்ல."

"அங்க ரெண்டு மூச்சு கேக்குது."

என் மூச்சை அடக்கினேன்.

மூச்சு நின்றது.

ஒன்று மட்டும்.

மற்றது என் காதுக்குப் பின்னால் மெதுவாக வந்துபோய்க்கொண்டிருந்தது. கருகிய தூசியின் வாடை அதிலிருந்துதான் வந்தது.

சுவிட்ச் என் இடப்பக்கம், எட்டிப் பாய்ந்தால் போதும். பாய நினைத்தேன். என் வலது கையின் மேல் இன்னொரு கை வந்து படிந்தது. குளிர்ந்த கை அல்ல. ரொம்ப நேரம் எரிந்து அணைந்த விளக்கைத் தொட்டது போன்ற வெம்மை. அது என் விரலைத் தேடிப் பிடித்து, பட்டன் மேல் வைத்து அழுத்தியது.

அறை வெள்ளையாகிப் போனது.

வயர் செருகாத விளக்கு வெடித்து எரிந்த அந்த நொடியில் சுண்டுவைப் பார்த்தேன். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை என் மேல் இல்லை. என் தோளுக்கு மேல் இருந்தது. அவளுக்குப் பின்னாலிருந்த சுவரில் என் நிழல் விழுந்திருந்தது. ஓர் உடம்பு. இரண்டு தலை.

பிறகு இருட்டு.

தோளில் விரல்கள் ஏறின. எலும்பைக் கணக்குப் பார்ப்பது போல ஒவ்வொன்றாக அழுத்தின. கத்த வாயைத் திறந்தேன். அந்த வெம்மை வாய்க்குள் வந்தது.

ஸ்டூல் உருளும் சத்தம் கேட்டது. கதவுப் பக்கம் ஓடியிருப்பாள் என்று நினைத்தேன். ஓடினால் பிழைப்பாள் என்றும் நினைத்தேன்.

அவள் என் பக்கம்தான் வந்தாள்.

"விடு அவளை" என்று இருட்டைப் பார்த்துச் சொன்னாள். பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசாத கெட்ட வார்த்தைகளாகச் சொன்னாள். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். இன்னொரு பக்கமும் இழுத்தது. தோளில் துணி கிழிந்தது. அவள் ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டே சுவரை அறைந்து அறைந்து சுவிட்சைக் கண்டுபிடித்தாள்.

டியூப் லைட் இரண்டு முறை விக்கி எரிந்தது.

யாரும் இல்லை. சாஃப்ட் பாக்ஸ், அட்டைகள், கவிழ்ந்த ஸ்டூல். தரையில் பிளக்.

கேமராத் திரையில் கடைசிப் படம் நின்றுகொண்டிருந்தது. போகும் அவசரத்திலும் அதைப் பார்த்தேன், பழக்கம் விடவில்லை. சுண்டுவின் அகன்ற கண்கள். வெள்ளைச் சதுரம். நடுவே ஓர் உருவம்.

ஒன்றே ஒன்று. சுவரில் கண்ட இரண்டாவது தலை அதில் இல்லை.

போய்விட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் வெளியே நடக்கவே முடிந்தது.

வெயில் முகத்தில் அறைந்தது. சாவிக்காரம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து, என்னைக் கூர்ந்து பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. எங்களைத் தாண்டி வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, காலையிலிருந்து தாண்டாத அந்தப் படியைத் தாண்டி உள்ளே போனாள். அறையின் நடுவில் நின்று ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். சுவிட்சை அணைத்தாள். இருட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். மறுபடி போட்டுவிட்டு வந்தபோது முதல் தடவையாகச் சிரித்தாள்.

"ரொம்ப நன்றிம்மா" என்றாள் என்னிடம். "எத்தனையோ பேர் வந்தாங்க. ஒருத்தரும் அணைக்கல."

சுண்டு அவளை அடிக்கவே போனாள். நான்தான் இழுத்துக்கொண்டு காருக்கு வந்தேன்.

கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்துக் கண்ணாடி வழியே வெயில் வந்துகொண்டிருந்தது. சுண்டு அழுது முடித்திருந்தாள். கண் மை கன்னம்வரை வழிந்திருந்தது.

"டிவி வேலைக்கு நான் போகலக்கா" என்றாள். "உன்னைத் தனியா விட்டுட்டு எங்கயும் போகல."

இதைக் கேட்கத்தானே காலையிலிருந்து சண்டை போட்டேன். அவள் முகத்தை நெருங்கிப் பார்த்தேன். அவள் கண்ணுக்குள் கார்க் கண்ணாடியின் வெள்ளைச் சதுரம் தெரிந்தது. அதன் நடுவே சின்னதாக, கறுப்பாக, ஒரே ஓர் ஆள். நிம்மதியாக இருந்தது.

அவள் கன்னத்து மையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன்.

கண்ணுக்குள் இருந்த ஆள் கையைத் தூக்கவில்லை. தலையை மட்டும் சற்றுச் சாய்த்து, சுண்டுவையே பார்த்துக்கொண்டிருந்தது.