தோளில் இருந்த கை

ஜெறோம் அவித்த முட்டையைப் பிளந்து, மஞ்சள் கருவை மட்டும் விரலால் எடுத்து மார்கிரட்டின் தட்டில் வைத்தான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான். அவனுக்கு மஞ்சள் கரு தொண்டையில் நிற்கும், அவளுக்கு வெள்ளை பிடிக்காது.

"நாளைக்கு மட்ச். முழுசாய்ச் சாப்பிடுங்கோ."

"உமக்குத் தந்தால்தான் பந்து என்ரை கையுக்கை நிக்கும்."

பிறகு எத்தனை முறை யோசித்துப் பார்த்தாலும், ஒழுங்காக நடந்த கடைசிக் காரியம் அதுதான். அவள் அந்தக் கருவை வாயில் போட்டு விழுங்குவதற்குள் விடுதி வாசலில் லான்ட்மாஸ்ரர் உழவுவண்டி வந்து நின்றது. அதன் பின்பெட்டி நிறைய மனிதர்கள் நிற்பதை அவள் ஜன்னலால் கண்டாள். ஊரடங்கு நேரத்தில் இத்தனை பேரை யார் ஏற்றிவந்தது என்று திடுக்கிட்டு எழுந்தாள். வண்டி குலுங்கி நின்றபோது அவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சரிந்து, ஒரே மாதிரி நிமிர்ந்தார்கள். படங்கள். இடுப்புவரை வெட்டிய, ஆளளவுப் பலகைப் படங்கள்.

கடற்சுடர் உதைபந்தாட்டக் கழகம் சம்பளத்துக்கு ஆட்களை வைத்து விளையாடிய முதல் பருவம் அது. கொரோனாவால் நின்றுபோக இருந்த தொடரை, பார்வையாளர் இல்லாமல் நடத்தலாம் என்று அனுமதித்திருந்தார்கள். வீரர்கள் எல்லோரும் பருத்தித்துறைக்கு அருகே ஒரு விடுதிக்குள் இருக்கவேண்டும். வெளியார் யாரையும் தொடக்கூடாது, விடுதிக்கும் மைதானத்துக்கும் மட்டும் போய்வரலாம். அந்த அடைப்புக்கு 'பபிள்' என்று பெயர். ஆசுபத்திரித் தாதியாக இருந்து விலகிய மார்கிரட்தான் அதற்குப் பொறுப்பு. வெப்பம் பார்ப்பது, மருந்து தெளிப்பது, பரிசோதனைக்கு மூக்கில் குச்சி விடுவது எல்லாம் அவள் வேலை. கணவன் கோல் காப்பாளன் என்பதால்தான் அந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். அவனைத் தன் கண்ணுக்கு முன்னால் வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது என்று நம்பினாள்.

படங்களை ஒழுங்கு செய்தவர் கழகச் செயலாளர் றோய். வெளிநாட்டு மைதானங்களில் அப்படி வைப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். கடற்பக்கக் கோலுக்குப் பின்னால், இரும்புக் கம்பி வேலியோடு பலகைகளை வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்தவர், அவள் மருந்துப் போத்தலோடு வருவதைக் கண்டு சிரித்தார்.

"பிள்ளை, எல்லாருக்கும் மாஸ்க் போட்டுவிடவோ?"

அவள் சிரிக்கவில்லை. சில படங்களில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. ஒருவருக்கு நெற்றியில், ஒருவருக்குக் கழுத்தில், ஒரு கிழவிக்கு வாயோரத்தில், குண்டூசித் தலையளவில், ஈரம் போல மினுங்கிக்கொண்டு.

"உதென்ன றோய் அண்ணை?"

"அது லைற். செத்த ஆக்களின்ரை படங்களையும் குடுத்திருக்கினம். வீட்டை விட்டு வெளிக்கிடேலாதுதானே, சுவரிலை கொழுவியிருந்ததை அப்பிடியே போனாலை எடுத்து அனுப்பியிருக்கினம். படத்துக்கு முன்னாலை எரியிற சிவப்புப் பல்ப் கண்ணாடியிலை விழுந்திருக்கு. அச்சுக்கடை ஜெனிஸ் அதைத் துடைக்காமல் அடிச்சுப்போட்டான்."

"உயிரோடை இருக்கிற ஆக்களோடை கலந்தே வைக்கிறியள்?"

"ஒழுங்கை ஒழுங்கையாய், தெருவிலை வீடு இருக்கிற மாதிரியே வைச்சிருக்கிறன், பிள்ளை. ஒரு வீட்டு ஆக்கள் ஒரு இடத்திலை. பிரிச்சு வைச்சால் சனம் கோவிக்கும். அதோடை அலோசியஸ் அண்ணை இல்லாமல் ஒரு மட்ச்சோ?"

எந்த வீட்டுச் சுவரிலும் செத்தவரின் படத்துக்குப் பக்கத்தில் உயிரோடு இருப்பவரின் படத்தைக் கொழுவமாட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. றோயும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர்தான். ஆனால் அது மைதானம், சுவர் அல்ல. அவர் யோசிக்கவில்லை. மார்கிரட் யோசித்தாள், வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டாள்.

அலோசியஸ் ஜெறோமின் தகப்பன். படத்தில் சட்டைப் பையருகே சிவப்புப் புள்ளியோடு நின்றார். ஜெறோமின் தாய் இராசாத்தியிடம் நல்ல படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கிண்ணம் வென்ற நாளில் தகப்பனும் மகனும் சேர்ந்து எடுத்த படம். ஜெனிஸ் மகனை வெட்டி நீக்கிவிட்டு, தகப்பனின் தோளில் கிடந்த மகனின் நான்கு விரல்களை விட்டுவிட்டான். உடம்பில்லாத விரல்கள்.

"பாத்தீரே, ஆளைக் கொத்திப்போட்டான்" என்று ஜெறோம் அன்று பின்னேரம் அதைப் பார்த்துச் சிரித்தான். "அப்பா மட்ச் முழுக்க ரெஃபரியைப் பேசுவார். இப்ப பேசாமல் நிண்டு பாக்கிறார், அதுதான் பயமாய்க் கிடக்கு."

முதல் ஆட்டம் அடுத்த நாள் நடந்தது. ஆளில்லாத மைதானத்தில் சத்தங்கள் தனித்தனியாக நின்றன. பூட்ஸ் பந்தில் படும் ஓசை, எங்கோ ஒரு வீரனின் மூச்சு, வேலிக்கு அப்பால் அலை உடைந்து மணலில் இழுபடும் சத்தம், வடக்கிலிருந்து வந்த காற்றில் பலகைகள் கம்பியோடு மோதி மோதி எழுப்பிய சளசளப்பு. கண்ணை மூடினால் சனம் கைதட்டுவது போலவே இருந்தது. கடற்சுடர் வென்றது. வீரர்கள் அந்தப் படங்களை நோக்கிக் கும்பிட்டார்கள். வீடுகளில் இருந்தவர்கள் போனில் நேரலையாக அதைப் பார்த்து, தங்கள் முகங்களையும் தங்கள் செத்தவர்களின் முகங்களையும் தேடிக் கண்டுபிடித்து அழுதார்கள் என்று றோய் சொன்னார்.

மறுநாள் காலை மார்கிரட் கம்பிகளுக்கு மருந்து தெளித்துக்கொண்டு போகையில் தெரேசம்மாவின் படத்தருகே நின்றாள். தெரேசம்மா மீன் விற்பவள். ஊரில் அவளுடைய குரலுக்கு மிஞ்சிய குரல் கிடையாது. முந்தின நாள் அவளுடைய முகம் சுத்தமாக இருந்தது. இப்போது இடது கன்னத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். புள்ளி பிளாஸ்ரிக் தாளுக்கு உள்ளே இருந்தது.

அன்று மத்தியானம் தெரேசம்மாவை அம்புலன்சில் ஏற்றினார்கள். அந்தக் கிழமை முடியமுதல் செத்துப்போனாள்.

"ஜெனிஸ் அடிக்கேக்கை பட்டிருக்கும்" என்றார் றோய். "நீர் முதல் கவனிச்சிருக்கமாட்டீர்."

அடுத்த ஆட்டத்துக்குப் பிறகு வலைகாரர் ஒருவரின் படத்தில் புள்ளி வந்தது. அதற்கடுத்த ஆட்டத்துக்குப் பிறகு ஒரு தாய்க்கும் மகளுக்கும். ஒவ்வொரு முறையும் செய்தி பிறகுதான் வந்தது. பபிளுக்குள் எல்லோருக்கும் நெகட்டிவ். வெப்பம் சரி, மூச்சு சரி, சாப்பாட்டில் ருசி சரி. வெளியே ஊர், ஒழுங்கை ஒழுங்கையாக, றோய் கட்டிய வரிசையிலேயே குறைந்துகொண்டிருந்தது. புள்ளி வேலியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்வதை அவள் பார்த்தாள். நடுவில் அலோசியஸ் நின்றார்.

அவருடைய தோளில் விரல்கள் மட்டும் இருக்கவில்லை. புறங்கை முழுதும் இருந்தது.

வெய்யிலில் தாள் சுருங்கி உள்ளே மறைந்திருந்தது வெளியே தெரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகொரு காலையில் மணிக்கட்டு தெரிந்தது. பிறகு நீல நிறச் சட்டைக் கையின் ஓரம். கிண்ணம் வென்ற நாளில் ஜெறோம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். நீலம் இந்த வருடத்துக் கோல் காப்பாளன் உடுப்பு.

"றோய் அண்ணை, உந்தப் படங்களைக் கழட்டுங்கோ."

"எப்பிடிப் பிள்ளை? போன கிழமை செத்த ஆக்களின்ரை வீடுகள்தான் இப்ப கூடப் பாக்கிறது. செத்தவீடும் இல்லை, பெட்டியும் இல்லை, முகமும் இல்லை. அதுகளுக்கு உதுதான் முகம். கழட்டச் சொல்லி நான் ஆரிட்டைச் சொல்ல?"

ஜெறோமிடம் சொன்னபோது அவன் அவளுடைய தலையைத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டான். "நித்திரை இல்லாமல் நீர் பேய் பாக்கிறீர். அப்பா எனக்குக் கெடுதல் செய்வாரே?"

அரையிறுதிக்கு முதல் நாள் பொழுதுபடும் நேரம் அவள் தனியாக மைதானத்துக்குப் போனாள். கடல் ஈயம் போலக் கிடந்தது. உப்பும், கரையொதுங்கி அழுகிய சாதாளைப் பாசியும் நாறின. அதற்குள் புதிதாக ஒரு வாசம் கலந்திருந்தது, பல வருடம் திறக்காத அலுமாரிக்குள் இருந்து வருவதைப் போல. பலகைகள் எல்லாம் காற்றில் சளசளத்துக்கொண்டிருந்தன. அலோசியஸின் படத்தைக் கட்டியிருந்த கம்பியின் முறுக்கை அவிழ்க்கத் தொடங்கினாள். முதல் முறுக்கு. இரண்டாவது முறுக்கு.

சளசளப்பு நின்றது.

காற்று நிற்கவில்லை. அவளுடைய தலைமயிரை இழுத்து முகத்தில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. பலகை ஒன்றும் ஆடவில்லை.

அவள் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. கம்பியை மட்டும் பார்த்தாள். மூன்றாவது முறுக்கு. படம் கழன்றது. கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டு ஓடினாள். அது பாரமாக இருந்தது. பலகையின் பாரம் அல்ல. வலை வைக்கும் அறைக்குள் கொண்டுபோய், முகம் சுவரைப் பார்க்கச் சாத்தினாள். வெளியே வந்து திரும்பினாள். கதவு தானாக அடித்துச் சாத்திக்கொண்டது. அவளுடைய நடுவிரல் அதற்குள்.

கதவை இழுத்து விரலை எடுத்தாள். பூட்டினாள். பின்னால் மறுபடியும் கைதட்டல் தொடங்கியது.

விரல் வீங்கி, நகம் முழுவதும் கறுத்தது. ஜெறோம் அதற்கு ஐஸ் வைத்துவிட்டான். எப்படி நடந்தது என்று கேட்டபோது குளியலறைக் கதவு என்றாள்.

அரையிறுதி சமநிலையில் முடிந்து, தண்ட உதைக்குப் போனது. கடற்பக்கக் கோல். வேலியில் அலோசியஸ் நின்ற இடம் பல்லுப் போன வாயின் முரசு போல வெறுமையாக இருந்தது. அந்த இடைவெளியால் கடல் தெரிந்தது. ஜெறோம் கையுறையோடு அவளிடம் ஓடிவந்தான். பட்டியை இறுக்கிவிடுவது எப்போதும் அவள்தான். விரல் நோவோடு இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகினாள். அவன் கோலுக்குப் போனான்.

கடைசி உதைக்கு முன் ஜெறோம் திரும்பி வேலியைப் பார்த்தான். யாரோ கூப்பிட்டது போல. தலையாட்டினான். அவனுடைய உதடு அசைந்தது. ஆளில்லாத மைதானத்தில் அது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஓமப்பா."

வலது பக்கம் பாய்ந்தான். பந்து கைக்குள் நின்றது.

எல்லோரும் அவனைத் தூக்கினார்கள். அவள் அசையாமல் நின்றாள். அவன் வியர்வையோடு அவளிடம் வந்தான்.

"அப்பாதான் சொன்னவர், வலப்பக்கம் எண்டு."

"அவரின்ரை படம் அங்கை இல்லை. நான்தான் கழட்டினனான்."

"தெரியும். படம் இல்லை." அவன் சந்தோசமாகச் சிரித்தான். "அவர் நிண்டவர்."

ஆட்டம் முடிந்து விடுதிக்குள் நுழைகிற ஒவ்வொருவருக்கும் வெப்பம் பார்க்கவேண்டும். அது அவள் எழுதிக்கொடுத்த விதி. வரிசையாக வந்தார்கள். ஜெறோம் குனிந்து நெற்றியைக் காட்டினான். அவள் கருவியை நீட்டி அமத்தினாள்.

நெற்றியின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது.

அது கருவியின் வெளிச்சம். எல்லோருடைய நெற்றியிலும் விழுவது. தன் கையாலேயே தினமும் காலையும் மாலையும் வைத்தது. அவள் கையை எடுத்தாள். கருவியைக் கீழே இறக்கினாள். அணைத்தாள்.

புள்ளி போகவில்லை.

"என்ன? காய்ச்சலே?" என்று கேட்டான் ஜெறோம்.

அம்புலன்ஸ் வந்தது. அவனோடு ஏற விடவில்லை. பபிளுக்குள் மற்ற எல்லோருக்கும் நெகட்டிவ், அவன் விரலால் எடுத்துத் தந்ததைச் சாப்பிட்ட அவளுக்கும்கூட. எங்கிருந்து தொற்றியது என்று சுகாதாரப் பரிசோதகர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஜெறோம் போனில் இரண்டு முறை கதைத்தான். முதல் முறை மூச்சு வாங்கியது. இரண்டாம் முறை, "ஒரே கைதட்டுச் சத்தமாய்க் கிடக்கு, நேர்ஸ்மாரை நிப்பாட்டச் சொல்லும்" என்றான். மூன்றாம் முறை எடுத்தது வேறொருவர். ஜெறோமின் குடும்பம் செத்தவர்களைப் புதைக்கிற ஆட்கள். ஆனால் கொரோனாச் சட்டப்படி மூடிய பெட்டியை, மூடியபடியே எரித்தார்கள். அவள் முகம் பார்க்கவில்லை.

தொடர் நிற்கவில்லை. ஒரேயொரு தொற்றோடு பாதுகாப்பாக முடிந்தது என்று அறிவித்தார்கள். பொறுப்பாக நின்றவர்களுக்கு நன்றியும் சொன்னார்கள்.

ஊர் திறந்த பிறகு சனம் வந்து, தங்கள் தங்கள் படங்களைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனது. புள்ளி இல்லாத படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆட்களும் அதிகம் இல்லை. றோயின் பெண்சாதிதான் வந்து வலை அறைப் பூட்டின் திறப்பைத் தந்தாள். றோயும் போயிருந்தார்.

வலை அறையின் பூட்டு அவள் பூட்டிய மாதிரியே இருந்தது. கதவைத் திறந்தாள். சுவரைப் பார்க்கச் சாத்திய படம் கதவைப் பார்த்து நின்றது.

அலோசியஸ். பக்கத்தில் ஜெறோம். முழுதாக. நீல உடுப்பு, தகப்பனின் தோளில் கை, நெற்றியின் நடுவில் புள்ளி. கையுறைப் பட்டி இரண்டு சுற்றுச் சுற்றி, நுனி உள்ளே செருகப்பட்டிருந்தது. அவன் சிரிக்கவில்லை. யாரோ பக்கத்தில் வந்து நிற்பதற்காக, ஓரமாக இடம் விட்டு நிற்பவனைப் போல நின்றான்.

அவனுடைய மறுதோளில் நான்கு விரல்கள் இருந்தன. பெண்ணின் விரல்கள். நடுவிரல் நகம் கறுத்திருந்தது.

படத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இராசாத்தி ஒன்றும் கேட்காமல், அதற்கு முன்னால் சிவப்புப் பல்பைப் போட்டுவிட்டாள். காலையில் முட்டை அவித்தால் வெள்ளையை யார் சாப்பிடுவது என்று இருவருக்கும் தெரியாததால், முட்டை வாங்குவதில்லை. மார்கிரட்டின் கையில் இருந்த கறுத்த நகம் விழுந்து, புது நகம் முளைத்துவிட்டது. ஒவ்வொரு நாளும் விடிந்ததும், முகம் கழுவுவதற்கு முதல், அவள் போய் அந்தத் தோளைப் பார்க்கிறாள். புறங்கை தெரிகிறதா என்று பார்க்கிறாள். மணிக்கட்டு தெரிகிறதா என்று பார்க்கிறாள்.

இன்றைக்கும் விரல்கள் மட்டும்தான்.